இருபத்து நான்குக்கு இருபத்திரண்டு

2010ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இலண்டன் மாநகரின் தென்மேற்குப் புறத்திலுள்ள ரோஹாம்ப்ரன் என்னுமிடத்தில் நடைபெற்ற ஓர் ஆட்டத்தின் முடிவு இது: பிரான்சைச் சேர்ந்த நிக்கொலா மாயூ, பிரித்தானியரான அலெக்ஸ் பொக்டானோவிச்சை 3–6, 6–3, 24–22 என்ற கணக்கில் வென்றார். விம்பிள்டன் ரெனிஸ் சுற்றுப்போட்டியின் ஆடவர் ஒற்றையர் தகுதிகாண் பிரிவில் இரண்டாஞ் சுற்றாட்டம் அது. விளையாட்டுப் பக்கங்களின் அடியிலே மிகச் சிறிய எழுத்தில் ஒரே வரியாக அடங்கிவிடக்கூடிய செய்தி. அந்த ஒற்றை வரிக்கு ஒரு கட்டுரை எதற்கு என்று கேட்போருக்கு, அவ்வரியின் இறுதியிலுள்ள இரண்டு எண்களையே நான் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கும்.

ரெனிஸ் மட்டையைக் கையாற் பிடித்தறியாதவள் நான். எங்கள் ஊர்ப் பாடசாலையில் இருந்தது வலைப்பந்தாட்டத் திடல் ஒன்றே. மாரி காலத்தில் அதுவும் குளமாகிவிடும். பல்கலைக்கழகத்துக்கு வந்தபின், விடுதியின் பொது அறையிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியே இவ்விளையாட்டை எனக்கு அறிமுகஞ் செய்தது. கிரிக்கெற் இல்லாத மாலைகளில் யார் எதைப் பார்ப்பது என்ற சச்சரவுக்கு நடுவில், ஒருவருக்கும் விருப்பமில்லாததும் அதனால் ஒருவருக்கும் வெறுப்பில்லாததுமான ஒரு சமரசமாக ரெனிஸ் எங்களிடையே இடம்பெற்றது. அவ்வாறு பார்க்கத் தொடங்கிய பழக்கம், பழைய ஆட்டங்களின் முடிவுகளைத் தேடி வாசிக்கும் பழக்கமாக வளர்ந்தது. புள்ளி விவரங்களை வாசிப்பதில் எனக்குள்ள ஈடுபாடு, கல்வெட்டுகளை வாசிக்கும் எங்கள் வரலாற்றுத்துறை நண்பர்களின் ஈடுபாட்டுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

ஆட்டத்தின் விதிகளை அறிந்தோர் இப்பந்தியைத் தாண்டிச் செல்லலாம். நான்கு புள்ளிகளையேனும் பெற்று, எதிராளியினும் இரண்டு புள்ளி முந்தி நிற்பவர் ஒரு ‘கேம்’ வெல்கிறார். இரண்டு கேம் வித்தியாசத்தில் ஆறு கேம்களை வெல்பவருக்கு ஒரு ‘செற்’ கிடைக்கிறது. ஆறுக்கு ஆறு எனச் சமநிலை ஏற்படின், ‘ரை பிரேக்’ எனப்படும் சமன்முறிப்பு ஆட்டத்தால் அந்தச் செற் முடிவுறும். ஆனால், 2010இல் விம்பிள்டனிலே இறுதிச் செற்றுக்கு மட்டும் இந்தச் சலுகை இருக்கவில்லை. ஒருவர் மற்றவரைவிட இரண்டு கேம் கூடுதலாகப் பெறும்வரை ஆடிக்கொண்டேயிருக்க வேண்டும். புற்றரையிலே பந்து தாழ்ந்து விரைந்து செல்வதால், முதலிற் பந்தை அடித்து வழங்குபவருக்கே அனுகூலம் அதிகம். இருவரும் தத்தம் முறை வரும்போதெல்லாம் கேமைக் காத்துக்கொண்டால் எண்கள் ஏறிக்கொண்டே போகும். முடிவு மட்டும் வராது. 24–22 என்பது அவ்வாறு விளைந்த எண். அந்த ஒரு செற்றில் மாத்திரம் நாற்பத்தாறு கேம்கள். அதற்கு முந்திய இரண்டு செற்களிலும் சேர்த்துப் பதினெட்டே. மொத்தமாக நோக்கின், மாயூ வென்றவை முப்பத்து மூன்று. பொக்டானோவிச் வென்றவை முப்பத்தொன்று.

தகுதிகாண் சுற்று எனப்படுவது யாது? விம்பிள்டனின் பிரதான அட்டவணையில் ஆடவர் ஒற்றையருக்கு 128 இடங்கள் உள்ளன. இவற்றுள் 104 இடங்கள் உலகத் தரவரிசையின்படி நேரே நிரப்பப்படுகின்றன. எட்டு இடங்கள் அமைப்பாளர் தம் விருப்பப்படி வழங்கும் சிறப்பழைப்புகள். இவற்றை ‘வைல்ட் கார்ட்’ என்பர். எஞ்சிய பதினாறு இடங்களுக்காக, தரவரிசையில் அடுத்த நிலைகளிலுள்ள 128 பேர் மூன்று சுற்றுகள் ஆடுகின்றனர். எண்மரில் ஒருவர் உள்ளே செல்வார். எழுவர் வீடு திரும்புவர். இவ்வாட்டங்கள் விம்பிள்டன் வளவினுள் நடப்பதில்லை. சில மைல் தொலைவில், இங்கிலாந்து வங்கிக்கு உரியதாயிருந்த விளையாட்டு மைதானத்திலே, பேரரங்குகள் எவையுமில்லாத திறந்த புற்றிடலில், ஒரு திடலின் பக்கத்தில் மறுதிடலாக அமைந்த இடத்தில் அவை நடந்தன. முதலிரு சுற்றுகளும் மூன்று செற் ஆட்டங்கள். இறுதிச் சுற்று ஐந்து செற் ஆட்டம். பிரதான அட்டவணைக்குள் நுழைந்து முதற் சுற்றிலேயே தோற்பவர் பெறும் பணம், தகுதிகாண் இரண்டாஞ் சுற்றில் தோற்பவர் பெறுவதைவிட இருமடங்கிலும் அதிகம். தொழில்முறை வீரரென்ற பெயரோடு நாடு நாடாகப் பயணச்சீட்டுக்கும் விடுதிக்கும் தாமே செலவழித்துத் திரியும் ஒருவருக்கு இந்த வேறுபாடு சிறிதன்று.

இனி, அந்த ஆட்டத்தில் வென்றவருக்கு நிகழ்ந்ததைப் பலரும் அறிவர். தகுதிகாண் முதற் சுற்றில் கனடாவின் பிராங் டான்செவிச்சை வென்றுவிட்டு வந்திருந்த மாயூ, பொக்டானோவிச்சையும் கடந்தபின், இறுதிச் சுற்றில் ஒஸ்திரியரான ஸ்ரெபான் கூபெக்கிடம் முதலிரு செற்களை இழந்து, பின்னர் மூன்று செற்களையும் தொடர்ந்து வென்று விம்பிள்டனுக்குள் நுழைந்தார். அப்போது உலகத் தரவரிசையில் அவரது நிலை 148. முதற் சுற்றில் அவரை எதிர்கொண்டவர் இருபத்து மூன்றாம் நிலை வழங்கப்பட்டிருந்த அமெரிக்கரான ஜோன் இஸ்னர். யூன் 22ஆந் திகதி பதினெட்டாம் இலக்கத் திடலில் தொடங்கிய அவ்வாட்டம் 24ஆந் திகதியே முடிவுற்றது. பதினொரு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும்; 183 கேம்கள்; இறுதிச் செற் 70–68. திடலிலிருந்த மின்னியற் புள்ளிப்பலகை 47–47இல் நின்றுவிட்டது. அதற்கு மேலும் ஒரு செற் நீளலாமென்று அதனை அமைத்தோர் எண்ணியிருக்கவில்லை. ஐந்தாவது செற்றில் இஸ்னரே முதலிற் பந்து வழங்கியவர் ஆதலால், 4–5 என்ற கட்டத்திலிருந்து ஒவ்வொரு முறையும், தோல்வியைத் தவிர்ப்பதற்காகவே மாயூ பந்து வழங்க நேர்ந்தது. அறுபத்து நான்கு தடவை அவர் தம்மைக் காத்துக்கொண்டார். அறுபத்தைந்தாந் தடவை முடியவில்லை.

அந்த ஆட்டத்தின் கணக்கிலே என்னை வியப்புறுத்துவது அதன் நீளமன்று. முழு ஆட்டத்திலும் இஸ்னர் பெற்ற புள்ளிகள் 478. மாயூ பெற்றவை 502. இருபத்து நான்கு புள்ளி கூடுதலாகப் பெற்றவர் தோற்றார். ரெனிஸின் கணக்குமுறை அத்தகையது. பெற்றவை எத்தனை என்பதன்று, எந்த வேளையிற் பெற்றவை என்பதே அங்கு வினா. நாம் அதனைத் தவறென்று கொள்ள வேண்டியதில்லை. விதியை அறிந்தே இருவரும் திடலுக்குள் இறங்கினர். ஆயினும், ‘சிறந்தவரே வென்றார்’ என்ற வழக்கமான வாக்கியத்தை எழுதுமுன் பேனா சற்றுத் தயங்கத்தான் வேண்டும்.

பதினெட்டாம் இலக்கத் திடலின் சுவரில் இன்று ஒரு நினைவுப் பலகை உண்டு. இஸ்னர், மாயூ இருவர் பெயரும் அதில் உள்ளன. தோற்றவரும் அங்கு நினைவுகூரப்படுகிறார் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், அந்தப் பதினொரு மணித்தியாலத்துக்கு ஒரு வாரத்தின் முன், அதே மாயூவை நாற்பத்தாறு கேம்கள்வரை இழுத்துச் சென்ற மற்றொருவரைப் பற்றியே நான் எண்ணுகின்றேன். இரண்டே கேம்கள் திசை மாறியிருப்பின் மாயூ அன்று மாலையே பயணப்பையைக் கட்டியிருப்பார். பதினெட்டாந் திடலில் அந்தப் பலகையும் இருந்திராது.

பொக்டானோவிச்சின் கதையில் ஒரு விநோதம் உண்டு. பெல்கிரேட்டிற் பிறந்து சிறுவயதில் பிரித்தானியாவுக்கு வந்தவர் அவர். நாட்டின் நம்பிக்கை நட்சத்திரம் எனக் கருதப்பட்டமையால், 2009 வரையில் எட்டுத் தடவை அவருக்கு விம்பிள்டன் சிறப்பழைப்பு வழங்கப்பட்டது. எட்டுத் தடவையும் முதற் சுற்றிலேயே தோற்றார். 2004இல் அவருக்கு முதற் சுற்றில் வாய்த்த எதிராளி ரொஜர் பெடரர் என்பதையும் இங்கு சொல்லிவிட வேண்டும். அது அவர் குற்றமன்று. எட்டுத் தோல்விகளும் பத்திரிகைகளுக்கு நல்ல விருந்தாயின. தகுதியில்லாதவருக்கு வாய்ப்பை வாரி வழங்குவதற்கு எடுத்துக்காட்டாக அவர் பெயர் ஆளப்பட்டது. 2010இல் அழைப்பு இல்லை. ஏனையோரைப் போல ரோஹாம்ப்ரனுக்குச் சென்று வரிசையில் நின்றார். அங்கேதான் இந்த 24–22.

வாயில் திறந்திருந்த எட்டுத் தடவைகள் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டன. மூடிய வாயிலின் முன் நின்று அவர் வென்ற இருபத்திரண்டு கேம்கள் எவருடைய கணக்கிலும் ஏறவில்லை. மாயூவின் வரலாற்றிலே அவை ஓர் அடைமொழியாக, ‘தகுதிகாண் சுற்றிலும் இவர் இப்படித்தான் நீண்ட ஆட்டம் ஆடினார்’ என்று காட்டுவதற்காகவே எடுத்தாளப்படுகின்றன. எதிரே நின்று பந்தைத் திருப்பியவர் ஒருவர் இல்லாமல் அந்த நீளம் எங்ஙனம் வந்திருக்கும்?

‘தகுதி’ என்ற சொல்லை இவ்விடத்திற் சிறிது நோக்கலாம். ‘தகு’ என்னும் அடியிலிருந்து தக்க, தகவு, தகுதி எனப் பல சொற்கள் பிறக்கின்றன. பொருந்துதல் என்பதே அடிப்படைப் பொருள். ஒருவரிடம் உள்ளதொன்றைக் குறிக்கும் சொல் அது. ‘தகுதிகாண்’ என்று நாம் மொழிபெயர்த்தபோது, உள்ளதொன்றைக் கண்டறியும் சோதனை என்ற கருத்து அதனோடு சேர்ந்துவிட்டது. உண்மையில் அங்கு நடப்பது கண்டறிதலன்று, பங்கிடுதல். பதினாறு இடங்கள் உள்ளன. 128 பேர் உள்ளனர். இடங்கள் இருபதாயிருந்தால் மேலும் நால்வர் ‘தகுதி’ பெற்றிருப்பர். அவர்களுடைய கைகளும் கால்களும் அதனால் மாறிவிடப் போவதில்லை. ஆடவர் பிரிவில் தகுதிகாண் சுற்றினூடாக வந்து பெருஞ்சுற்றுப்போட்டி ஒன்றை வென்றவர் இதுவரை எவருமில்லை; அரையிறுதியை எட்டியோர் சிலர் உளர். 1977இல் விம்பிள்டனில் பதினெட்டு வயது ஜோன் மெக்கென்ரோ, 2000இல் அங்கேயே பெலருஸ் நாட்டவரான வொல்ச்கொவ், 2021இல் அவுஸ்திரேலியப் போட்டியில் ரஷ்யரான கரற்செவ் ஆகியோர் அவர்களுட் சிலர். வாயிலில் நிறுத்தி வைக்கப்பட்டவர் உள்ளே வந்தபின் இருந்தவர்களை எழுப்பிவிட்ட சந்தர்ப்பங்கள் அவை.

இவ்வமைப்பிலே ‘லக்கி லூசர்’ என்றொரு வகையினரும் உளர். நற்பேறு பெற்ற தோல்வியாளர் என்று சொல்லலாம். தகுதிகாண் இறுதிச் சுற்றிலே தோற்றவர், பிரதான அட்டவணையிலுள்ள ஒருவர் காயத்தாலோ நோயாலோ விலகும்போது, அந்த வெற்றிடத்துக்கு அழைக்கப்படுவார். பெருஞ்சுற்றுப்போட்டிகளில், தோற்றவர்களுள் தரவரிசையில் மேலுள்ள நால்வரின் பெயர்களைக் குலுக்கிப் போட்டே யார் முதலில் என்று தீர்மானிக்கின்றனர். 2012இல் பெல்ஜியத்தின் டேவிட் கொஃபின் இவ்வாறு பிரெஞ்சுப் போட்டிக்குள் நுழைந்து, நான்காஞ் சுற்றுவரை முன்னேறி, பெடரரிடமிருந்து முதற் செற்றையும் பறித்தார். கனடாவின் பீற்றர் பொலான்ஸ்கி 2018ஆம் ஆண்டின் நான்கு பெருஞ்சுற்றுப்போட்டிகளிலும் தகுதிகாண் இறுதிச் சுற்றில் தோற்று, நான்கிலும் வெற்றிட வழியாகவே உள்ளே சென்றார்.

இந்தச் சொல்லை முதன்முதலிற் கேட்டபோது நான் சிரிக்கவில்லை. ஏனெனில், நானும் அவ்வகையைச் சேர்ந்தவள். உயர்தரப் பரீட்சையில் எனது இசட் புள்ளி, நான் விரும்பிய கற்கைநெறிக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றது. முதற் பட்டியலில் எனது பெயர் இல்லை. வீட்டிலிருந்து அயற் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வேளையில், அனுமதி பெற்றவர்களிற் சிலர் பதிவு செய்யாமையால் உண்டான வெற்றிடங்களை நிரப்பும் சுற்றில் எனக்கு இடம் கிடைத்ததென்ற செய்தி வந்தது. யாரோ ஒருவர் வரவில்லை. வெளிநாடு சென்றாரோ, வேறு நிறுவனத்திற் சேர்ந்தாரோ, அன்றி வீட்டு நிலைமை விடவில்லையோ, அவர் யாரென்பதை நான் ஒருபோதும் அறியப்போவதில்லை. அவர் அமரவேண்டிய கதிரையில் இருந்துகொண்டு நான் இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

அறியாத ஒருவரைப் பற்றி எண்ணுவது எளிது. அறிந்த ஒருவரைப் பற்றி எண்ணுவதே கடினம். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழி ஒருத்தியின் இசட் புள்ளி எனதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு? தசமத்தின் பின் நான்காவது இலக்கத்தில் ஆறு. மூன்றாவது இலக்கம்வரை நாங்கள் இருவரும் ஒருவரே. வெற்றிடங்கள் என்னைத் தொட்டுவிட்டு, அவளை எட்டுமுன் தீர்ந்துபோயின. அவள் இப்போது நகரில் ஒரு புடைவைக்கடையிற் கணக்கெழுதுகிறாள். விடுமுறையில் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஞாயிறு பின்னேரம் வருவாள். வந்ததும் முதற் கேள்வி, “இப்ப என்னடி படிப்பிக்கினம்?” என்பதாகவே இருக்கும். எனது விரிவுரைக் குறிப்புகளை வாங்கிச் சென்று, அடுத்த ஞாயிறு திருப்பித் தருவாள். ஒருமுறை அவளுடைய அப்பியாசக் கொப்பியைப் பார்த்தேன். நான் அரைகுறையாகக் கிறுக்கியிருந்த இலக்கணக் குறிப்புகளைத் தலைப்பிட்டு, பிரித்து, எடுத்துக்காட்டுகளையும் தானே சேர்த்து எழுதிவைத்திருந்தாள். இரண்டாம் அரையாண்டுப் பரீட்சைக்கு நான் படித்தது அவளுடைய கொப்பியிலிருந்தே.

‘நான்காவது தசமத்தில் ஒரு கோடு எங்கேயாவது விழத்தானே வேண்டும்’ என்பார் எனது அறைத்தோழியான அக்கா ஒருவர். அவர் பொருளியல் படிப்பவர். கோடு விழவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. இடங்கள் வரையறுக்கப்பட்டவை, எண்ணில்லாமற் பங்கிட முனைந்தால் பின்வாசல்கள் திறக்கும் என்பதையும் அறிவேன். எட்டுச் சிறப்பழைப்புகளின் கதை அதற்கும் சான்றுதான். நான் மறுப்பது, கோடு விழுந்தபின் அதன் இருபுறத்தாரையும் இரு வேறு இனத்தவர்போற் பேசும் பேச்சையே. ‘கம்பசுக்கு எடுபட்ட பிள்ளை’, ‘எடுபடாத பிள்ளை’ என்று ஊர் சொல்லும்போது, ஆறு பத்தாயிரத்திலொன்றுகளைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. கலியாணப் பேச்சுவரையில் அந்தச் சொல் பின்தொடர்கிறது.

எங்கள் பழைய இலக்கியத்தில் தோற்றவனின் பக்கம் நின்று பேசிய ஒரு குரல் உண்டு. வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணி, வடக்கிருந்து உயிர் துறந்தான். அந்த வெற்றியைப் பாடவந்த வெண்ணிக்குயத்தியார், புறநானூற்றின் அறுபத்தாறாம் பாடலில், வென்ற சோழனின் பெருமைகளையெல்லாம் வரிசைப்படுத்திவிட்டு, அவனிடமே சேரனின் மேன்மையைக் கேள்வியாக எழுப்பி நிறுத்துகிறார். அவ்வாறு கேட்க ஒரு புலவருக்கு, அதிலும் குயவர் குலத்துப் பெண்ணொருத்திக்கு, அன்று இடமிருந்தது. ஒப்புமையை நான் அளவுக்கு மீறி இழுக்கவில்லை. பொக்டானோவிச் நாணத்தால் உண்ணாநோன்பு இருக்கவில்லை, அடுத்த போட்டிக்குச் சென்றார், அதுவே முறையும். ஆனால், அந்தப் புலவரின் பார்வை ஆட்டமுடிவுகளை எழுதும் சிறு எழுத்துக்குள் நுழையக்கூடுமாயின், வரியின் முதலில் வென்றவரின் பெயர் வரும் மரபு ஒருநாளேனும் ஐயத்துக்குள்ளாகியிருக்கும்.

24–22 என்ற முடிவு இனி வரமாட்டாது. 2019இல் விம்பிள்டன் இறுதிச் செற்றுக்கும் 12–12இல் சமன்முறிப்பை ஏற்படுத்தியது. 2022 முதல் நான்கு பெருஞ்சுற்றுப்போட்டிகளும், தகுதிகாண் சுற்றுகளும் உட்பட, 6–6 ஆனதும் பத்துப் புள்ளிச் சமன்முறிப்பு என்ற ஒரே விதியைக் கைக்கொண்டன. அக்கா இதனை வரவேற்கிறார். மனித உடம்புக்கு ஓர் எல்லையுண்டு என்பது அவர் வாதம். 70–68இல் வென்ற இஸ்னர் மறுநாள் ஒல்லாந்தின் டி பாக்கரிடம் 0–6, 3–6, 2–6 என நின்ற இடத்திலேயே சரிந்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். அதற்கு என்னிடம் விடையில்லை, விதி சரியானதே. இன்றைய விதிப்படி ஆடியிருப்பின் ரோஹாம்ப்ரன் ஆட்டத்தின் முடிவு 3–6, 6–3, 7–6 என்று பதிவாகியிருக்கும். ஒரு நாளிலே அவ்வாறு முடியும் ஆட்டங்கள் பத்துக்கு மேல் இருக்கும். நான் அவ்வரியைக் கடந்து சென்றிருப்பேன். சென்ற விடுமுறையில் இவ்வாட்டத்தைப் பற்றித் தோழிக்குச் சொன்னபோது, அவள் மாயூவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மற்றவருக்கு அப்போது எத்தனை வயது என்று மட்டும் கேட்டாள். இருபத்தாறு என்றேன்.